பார்வையாளர் நேரம்

மண்ணுக்குள் புதைந்த அந்தப் பேருந்தில் காபி ஃபிளாஸ்க் எதுவும் இருக்கவில்லை. டாக்டர் இளமதிக்கு அது நிச்சயமாகத் தெரியும். தன் நோயாளி நறுமுகையின் நினைவைப் பல முறை திரையில் பார்த்திருக்கிறாள். சாய்ந்து கிடக்கும் இருக்கைகள், ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்த சேறு, அதில் துருத்தி நிற்கும் ஒரு யூகலிப்டஸ் வேர், மற்றபடி இருட்டு. இன்று அந்த இருட்டின் நடுவே சிவப்பு நிற ஃபிளாஸ்க் ஒன்று தெரிந்தது. அதைப் பிடித்திருந்த கையில் கண்ணாடி வளையல்கள் இருந்தன.

"ஏங் கண்ணு, என்ன இப்பிடி இருட்டுல உக்காந்துட்டிருக்கற?" என்று கேட்டது திரையிலிருந்து ஒரு குரல்.

டாக்டர் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி சிகிச்சை அறைக்குள் ஓடினாள். கட்டிலில் நறுமுகை வழக்கம்போல் நெற்றிப்பட்டையோடு கண்மூடிப் படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில், பயிற்சி மருத்துவர்களுக்காகப் போட்டிருந்த இரண்டு முக்காலிகளில் பருமனான ஓர் அம்மாளும் மெலிந்த ஒரு மனிதரும் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி மருத்துவர்களின் பட்டைகள் இருவர் நெற்றியிலும் இருந்தன. அம்மாளின் மடியில் வயர் கூடை. கையில் ஃபிளாஸ்க்.

பட்டையைப் பிடுங்கப் போன கையை டாக்டர் இழுத்துக்கொண்டாள். நடுவில் வேறொருவர் பிடுங்கினால் நோயாளிக்குத்தான் ஆபத்து. என்ன நடக்கிறதோ நடக்கட்டும் என்று திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

நறுமுகை கோபிசெட்டிபாளையத்தில் கணக்கு ஆசிரியை. போன மழைக்காலத்தில் ஓர் இரவு கோத்தகிரி மலைச்சாலையில் சரிந்த மண், அவள் போன பேருந்தின் பின்பாதியை மூடிவிட்டது. முன்பாதியில் இருந்தவர்கள் இறங்கித் தப்பினார்கள். பின்னால் இருந்தவர்கள் இருவர்தான். நறுமுகையும், வழியில் ஏறி அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்த பெனிட்டா என்ற பெண்ணும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் இருவரும் இருட்டில் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் பெனிட்டாவின் பேச்சு நின்றது. விடிந்த பிறகு மண்ணைத் தோண்டியவர்கள் நறுமுகையை உயிரோடு எடுத்தார்கள்.

அதன் பிறகு மழை பெய்தால் அவளால் மூச்சுவிட முடியவில்லை. கதவைச் சாத்த முடியவில்லை. உறக்கம் போயிற்று. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தப் புது சிகிச்சை. நோயாளியின் நினைவை முழுவதுமாக எழுப்பி, அதற்குள் மருத்துவரும் போய் உட்கார்ந்து, பயப்படாமல் அதைக் கடந்து வரப் பழக்குவது.

மருத்துவரைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது என்பது விதி.

திரையில் அந்த அம்மாள் நறுமுகையின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். பிறகு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம் மக்கள் செய்கிற காரியத்தைச் செய்தாள். பக்கத்துப் படுக்கைக்காரரை விசாரித்தாள்.

"நீ ஆரு கண்ணு? இவளுக்குத் தெரிஞ்ச புள்ளையா?"

நினைவில் இருப்பவர்கள், நினைவில் இருப்பதைத்தான் பேசுவார்கள். புதிய கேள்விக்குப் பதில் வராது என்றே டாக்டர் நினைத்தாள். வந்தது.

"பெனிட்டாங்க," என்றது இடப்பக்கத்து இருட்டு. "இப்பதான் பழக்கம்."

"உனக்கு ஆரு வந்திருக்கறாங்க?"

"அப்பா வந்திருப்பாரு. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல குடையோட நிப்பாரு. மழை விட்டாலும் நிப்பாரு. வீட்டுக்குப் போங்கன்னா கேக்க மாட்டாரு."

"அப்பன்னா அப்பிடித்தான். இந்தா, காபி குடி. சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கும். எங்கூட்டுக்காரரு போட்டது."

"அளவாத்தான் போட்டேன்," என்றது ஓர் ஆண்குரல்.

"ஆமா, அவரு அளவு கரண்டி இல்ல, கரண்டியோட அக்கா."

நறுமுகை சிரித்தாள். அந்த நினைவுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது அதுதான் முதல் முறை.

ஆனால் அது நிலைக்கவில்லை. பெனிட்டாவின் பேச்சு நிற்கும் இடம் நெருங்கியதும் எப்போதும்போல நறுமுகையின் இதயம் தறிகெட்டுத் துடித்தது. அவளே பட்டையைப் பிய்த்து எறிந்தாள். மூவரும் ஒன்றாகக் கண்விழித்தார்கள்.

"அந்தப் புள்ள காபியக் குடிக்கவே இல்லியே," என்றாள் அந்த அம்மாள்.

அவள் பெயர் கீர்த்தனா. நறுமுகையின் சித்தி. தாயை இழந்த நறுமுகையை வளர்த்தவள். உடன் வந்தவர் சித்தப்பா நவீன்.

"உங்களை யார் உள்ளே விட்டது?" என்று கேட்டாள் டாக்டர்.

"வாசல்ல பாஸ் குடுத்தாங்க டாக்டரம்மா. இது பார்வையாளர் நேரம்னு போட்டிருக்குதுல்லங்க?"

"அறைக்குள்ள வந்து பார்க்கலாம். தலைக்குள்ள போய்ப் பார்க்கக் கூடாது."

"கோபியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தோமுங்க. வந்து பாத்தா புள்ள கண்ண மூடிட்டு அழுதுட்டுக் கெடக்குது. வந்ததுக்கு அவ மொகத்தப் பாக்காம, ஒரு வார்த்தை பேசாமப் போக முடியுங்களா?"

டாக்டருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். "அம்மா, ஒரு நினைவை முழுசா எழுப்பினா அது ஈரச் சிமெண்ட் மாதிரி ஆயிடும். திரும்ப இறுகறதுக்குச் சில மணி நேரம் ஆகும். அதுக்குள்ள யார் கால் வெச்சாலும் தடம் விழுந்துடும். நானே உள்ள போனா ஒவ்வொரு வார்த்தையும் யோசிச்சுத்தான் பேசறேன்."

"எங்க வாசல்ல சிமெண்ட் போட்டன்னைக்கு ஒரு நாய் நடந்துது," என்றார் சித்தப்பா. "இன்னும் தடம் அப்பிடியே இருக்குதுங்க."

"இப்ப நாங்க நடந்துட்டமுங்களா?" என்று கேட்டாள் சித்தி.

"நடந்துட்டீங்க."

"அழிக்க முடியாதுங்களா?"

"முடியாது."

சித்தியின் முகம் வெளுத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வளத்த புள்ளையோட மண்டையில நானே மண்ண வாரிப் போட்டுட்டனா?"

"அழாதீங்க சித்தி," என்றாள் நறுமுகை கட்டிலில் இருந்தபடி. "எனக்கு இப்பவும் காபி வாசம் வருது. நல்லாத்தான் இருக்குது."

மறுநாள் காலையில் டாக்டர் வந்தபோது நறுமுகை எழுந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி கனவுல மறுபடி மண்ணு வந்துச்சு டாக்டர். பின்னாடியே சித்தியும் கூடையைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. கண்டக்டர்கிட்டச் சண்டை போட்டுட்டு ஏறின மாதிரி மூச்சு வாங்குது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கொஞ்ச நேரம் தூங்கினேன்." சீப்பைக் கீழே வைத்தாள். "ஆனா ஒண்ணு கேக்கணும். சித்தி அன்னிக்கு அங்க இல்ல. எனக்கு அது தெரியும். இப்ப நெனச்சுப் பாத்தா இருக்கறாங்க. இது பொய்தானே? பொய்யை வெச்சுட்டுக் குணமாகலாங்களா?"

டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாம சாமி படத்துக்கு முன்னாடி நின்னு பேசறோம். படம் காகிதம்னு தெரியாமலா பேசறோம்? அவங்க அங்க இல்லைன்னு உங்களுக்குத் தெரியற வரைக்கும் யாரும் யாரையும் ஏமாத்தல."

"அப்ப அந்தக் குடை? அப்பா குடையோட நிப்பாருன்னு பெனிட்டா சொன்னாளே. அவ சொன்னதா எனக்கு இதுவரைக்கும் ஞாபகமே இல்லைங்க. நெசமா சொன்னாளா, இல்ல என் மூளையாக் கட்டி விட்டதா?"

"மறந்து போனது கேள்வி கேட்டதால வெளிய வந்திருக்கலாம். கற்பனையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியல. தெரிஞ்சவர் ஒருத்தர்தான் இருப்பார்."

நறுமுகை தலையைக் குனிந்துகொண்டாள். பெனிட்டாவின் வீட்டாரை அவள் இதுவரை பார்த்ததில்லை. அவர்கள் பெண் போய்விட்டாள், தான் மட்டும் இருக்கிறோம். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

டாக்டர் மெதுவாக அடுத்த விஷயத்துக்கு வந்தாள். "பேச்சு நின்னதுக்கு அப்புறம் விடியற வரைக்கும் நீங்க தனியா இருந்தீங்களே, பயம் முழுக்க அங்கதான் இருக்கு. அதுக்குள்ள நீங்க ஒரு தடவைகூடப் போகல. உங்க இதயம் ரொம்பத் தளர்ந்துட்டு வருது. எங்க குழு நேத்து பேசி முடிவு பண்ணிடுச்சு. அடுத்த வாரம் கடைசியா ஒரு முயற்சி. அதுலயும் தாண்டலேன்னா மங்கல் மருந்து."

"அதைப் போட்டா?"

"அந்த ராத்திரியே மங்கிடும். பயமும் போயிடும்."

"அவ குரலும் போயிடுங்களா?"

"தனியாப் பிரிச்சு வெக்க முடியாது நறுமுகை."

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். "அவ கடைசியாப் பேசினது எங்கிட்டதான். அது வேற யாருகிட்டயும் இல்லைங்க. எனக்கும் மறந்து போச்சுன்னா, அவ அந்த ராத்திரி பேசவே இல்லைன்னு ஆயிரும்."

"அப்படின்னா சித்தியை மறுபடி அழைச்சிட்டுப் போகலாம். தடம் எப்படியும் விழுந்தாச்சு. நான் குழுகிட்ட அனுமதி வாங்கறேன்."

"வேண்டாம்," என்றாள் நறுமுகை உடனே.

காரணம் சித்தப்பா சொன்னதுதான். அன்று விடிகாலையில் அவர் நறுமுகையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உன் சித்தி ராத்திரி மழைச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள், விளக்கை அணைக்க விடவே இல்லை என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, "நான் சொன்னன்னு சொல்லிராத சாமி, என்னையத் தொலைச்சுக் கட்டிருவா," என்றும் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் வந்தவருக்கும் தடம் விழுகிறது. அவ்வளவு சிறிது நேரத்துக்கே அப்படியென்றால், பேச்சு நின்ற பிறகு வரும் இருட்டில் யாரைக் கொண்டுபோய் உட்கார வைப்பது?

"என் பயத்த ஊருக்குப் பிரிச்சுக் குடுத்துட்டு நான் நல்லா இருக்க முடியாதுங்க. தனியாவே போறேன்," என்றாள்.

ஆனாலும் குடை அவளை விடவில்லை. அன்று மாலை பெனிட்டாவின் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். அவர் பெயர் ஜெயசீலன். எண் மருத்துவமனையிலேயே இருந்தது. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தான் யார் என்று சொன்னாள். அவர் எடுத்த எடுப்பில், "நல்லாருக்கியாம்மா? தூக்கம் வருதா?" என்று கேட்டார்.

நறுமுகை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணுங்கப்பா. அன்னிக்கு நீங்க பஸ் ஸ்டாண்டுல நின்னீங்களா?"

"விடியற வரைக்கும் நின்னேன்."

"குடையோட?"

"குடையோடதான். அவகிட்டக் குடை தங்காது. எங்கயாச்சும் வெச்சுட்டு வந்துருவா. அதனால நானே எடுத்துட்டுப் போயிருவேன்." அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "இது உனக்கு எப்படித் தெரியும்?"

"அவ சொன்னா. போன்னாலும் போக மாட்டீங்கன்னு சொன்னா."

அந்தப் பக்கத்தில் அவர் அழுதாரா சிரித்தாரா என்று புரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்க வேண்டும். "சொல்லிட்டாளா? ஊர் பூரா என்னைப் பத்திப் புகார் சொல்லுவா அவ," என்றார். பிறகு, "உன்னைப் பார்க்கணும்னு எத்தனையோ நாள் கிளம்பினேன். என்னைப் பார்த்தா உனக்கு அதெல்லாம் ஞாபகம் வந்துருமேன்னு திரும்பிட்டேன். இப்ப வரலாமா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நோகடித்துவிடக் கூடாது என்று பயந்து இத்தனை காலம் விலகி இருந்திருக்கிறார்கள். நல்ல மனங்களுக்கு நடுவில் இப்படியும் ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. இடிக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது.

மறுநாளே வந்துவிட்டார். உயரமான மனிதர், கழுத்தில் மஃப்ளர். அதற்குள் சித்தியும் வந்து சேர்ந்திருந்தாள். "கோயமுத்தூர் வெயில்ல மஃப்ளருங்களா?" என்று அவரிடம் விசாரித்து, ஊரிலிருந்து கொண்டு வந்த வாழைப்பழத்தை அவர் கையில் திணித்தாள். அவர் அதைத் தோலோடு பிடித்தபடியே சிகிச்சையைப் பற்றி முழுதும் கேட்டார். கடைசியில் டாக்டரிடம், "நான் உள்ளே வரலாமா?" என்றார்.

"வேண்டாங்கப்பா," என்றாள் நறுமுகை. "பாத்தா அப்புறம் அது உங்களுக்கும் ஒட்டிக்கும்."

"ஆமா. அதை நான் முதல்லயே சொல்லிடணும்," என்றாள் டாக்டர். "போய்ட்டு வந்தா அது உங்ககிட்டயும் நிரந்தரமா இருக்கும்."

"அது ஏற்கெனவே எங்கிட்ட இருக்குதுங்க டாக்டர். நான் பார்க்கல, ஆனா தினமும் பார்க்கறேன். நானாக் கட்டிக்கிட்டது. நடந்தது இதைவிட மோசமா இருக்க முடியாது." நறுமுகையின் பக்கம் திரும்பினார். "நான் உன்கிட்ட இருந்து எதையும் வாங்கிட்டுப் போகலம்மா. என்கிட்ட இருக்கறதக் கொஞ்சம் இறக்கி வெக்கத்தான் கேக்கறேன்."

நறுமுகை அவர் கையைப் பிடித்து, சரி என்று தலையசைத்தாள். 

குழுவிடம் டாக்டர் வாதாடி ஒருவருக்கு மட்டும் அனுமதி வாங்கினாள். கடைசி முயற்சிக்கான நாள் வந்தது. நறுமுகை கட்டிலில் படுத்தாள். ஜெயசீலன் முக்காலியில் உட்கார்ந்து, கண்மூடி ஒரு சிறு ஜெபம் சொல்லிவிட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டார். சித்தி நறுமுகைக்குத் திருநீறு பூசி, முகத்தை வழித்து முத்தமிட்டாள்.

"நீங்க வெளிய இருக்கணும்மா," என்றாள் டாக்டர்.

"நான் எதுக்குங்க வாறேன்," என்று சொல்லிவிட்டு சித்தி வெளியே போனாள்.

திரையில் பேருந்து வந்தது. மழை கேட்டது. சித்தி முன்பு விட்டுப் போன காபி வாசனை உள்ளே இருப்பதை, நறுமுகை ஒரு தடவை மூக்கை உறிஞ்சியதிலிருந்து டாக்டர் தெரிந்துகொண்டாள். இடப்பக்கத்தில் பெனிட்டாவின் குரல், வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டதையும் மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் மூன்றும் வந்துவிடும், வேலை மிச்சம் என்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் தணிந்தது.

"தூக்கம் வருது நறுமுகை. நீ பேசிட்டே இரு. கேட்டுட்டே தூங்கறேன்."

"என்ன பேசறது?"

"என்னமோ. கணக்கு டீச்சர்தானே, வாய்ப்பாடு சொல்லு. சீக்கிரம் தூக்கம் வந்துரும்."

நறுமுகை வாய்ப்பாடு சொன்னாள். இரண்டாம் வாய்ப்பாடு முடிந்தது, மூன்றாவது முடிந்தது. இடப்பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. இதுதான் அந்த இடம். டாக்டரின் முன்னால் இதயத் துடிப்பின் கோடு மேலேறத் தொடங்கியது. கட்டிலில் நறுமுகையின் கை பட்டையை நோக்கி நகர்ந்தது.

அந்த இடத்துக்காகக் காத்திருந்த ஜெயசீலன் அப்போது உள்ளே வந்தார். நேரே இடப்பக்கம், மகளிடம்தான் போவார் என்று டாக்டர் எதிர்பார்த்தாள். அவர் குனிந்து மகள் இருந்த பக்கம் ஒரு முறை பார்த்தார். போர்வையைச் சரிசெய்வதுபோல் கையை மட்டும் நீட்டி எடுத்தார். பிறகு சேற்றில் கால் வைத்துச் சுற்றிக்கொண்டு வந்து, நறுமுகைக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"அவகிட்டப் போகலீங்களாப்பா?"

"அவ பக்கத்துல நீ இருந்தியேம்மா. அவ பேச்சுக் கேட்டுட்டே தூங்கிட்டா. அதுக்கப்புறம் உன் பக்கத்துல யாரும் இல்லை. அதுக்குத்தான் வந்தேன்."

நறுமுகையின் கை அப்படியே நின்றது.

"நிறுத்திட்டியே. சொல்லு, நாலாம் வாய்ப்பாடு," என்றார் அவர்.

இருவரும் சேர்ந்து சொன்னார்கள். நாலும் ஐந்தும் ஒழுங்காகப் போயின. ஏழில் அவர் தடுமாறினார். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்றார். "ஐம்பத்தாறுங்கப்பா," என்றாள் அவள் அழுதுகொண்டே. "நான் படிச்ச காலத்துல ஐம்பத்து நாலுதான்," என்றார் அவர். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலேறிக்கொண்டிருந்த கோடு நின்று, தயங்கி, இறங்கத் தொடங்கியது.

நினைவில் ஓர் இரவு என்பது வெளியே கொஞ்ச நேரம்தான். அந்த இருட்டு முழுவதையும் அவர்கள் கடந்தார்கள். சில சமயம் பேசினார்கள். சில சமயம் பேசவில்லை. கடவுள் நேரில் வருவதில்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களை அனுப்பி வைக்கிறவர் யார் என்று மட்டும் கேட்பதில்லை.

மண்வெட்டிச் சத்தம் கேட்டது. மேலே ஓர் இடுக்கு திறந்து, அதன் வழியே சாம்பல் நிறத்தில் வெளிச்சம் விழுந்தது.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" என்று யாரோ கத்தினார்கள்.

அன்று இந்தக் கேள்விக்கு நறுமுகையால் பதில் சொல்ல முடியவில்லை. ஒருவர் என்று சொல்ல மனம் வரவில்லை. இருவர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இப்போது அவள் முதலில் இடப்பக்கம் பார்த்தாள். பிறகு வலப்பக்கம் பார்த்தாள்.

"மூணு பேருங்க," என்றாள் தெளிவாக.

"நாலுங்க," என்றது பின்னிருக்கையின் இருட்டு. "டீச்சர் என்னைய எண்ணாம விட்டுட்டா."

அத்தனை நேரமும் சித்தி அங்கேதான் இருந்திருக்கிறாள். வாயே திறக்காமல்.

டாக்டர் இளமதி சிகிச்சை அறையின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது பட்டையை முக்காலியின் மேல் விட்டுவைத்துவிட்டு, கதவைத் தாழிடாமல் வந்தது அவள்தான்.